ரோஸி உட்கார்ந்த இடம்

போன மாதம் ஒரு மத்தியானம் போன் வந்தது. நாய்ப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நித்யா என்ற பெண். என்னை நேரில் பார்த்ததில்லை. "சார், சம்பவ இடத்துல பயிற்சி மாதிரியை வெளியவே எடுக்கக் கூடாதுன்னு எங்களுக்கு ஒரு விதி இருக்கு. அது எதுக்குன்னு கேட்டா எல்லாரும் சிரிக்கிறாங்க. சேவியர் சாரைக் கேளுன்னு உங்க நம்பரைக் குடுத்தாங்க" என்றாள்.

சிரிக்கட்டும். சிரித்தவர்களில் ஒருத்தன்கூட அன்றைக்கு அந்தச் சந்தில் என் பக்கத்தில் நிற்கவில்லை. போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுதி அனுப்புகிறேன் அம்மா என்று சொல்லி வைத்துவிட்டேன். இது அவளுக்காக எழுதியது.

நான் ராயபுரத்துக்காரன். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். நான் போலீஸில் சேர்ந்ததற்கும் அங்கிருந்து நாய்ப் பிரிவுக்கு மாறியதற்கும் பெரிய லட்சியம் எதுவும் காரணமில்லை. பந்தோபஸ்து என்று வெயிலில் நின்று நின்று மண்டை காய்ந்து போயிருந்தது. நாய்க் கொட்டடிக்கு மேலே பெரிய வேப்பமரம் ஒன்று இருந்தது. அந்த நிழலைப் பார்த்தேன், விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். பயிற்சியைப் பற்றிச் சொல்லவும் அதிகமில்லை. நாயோடு ஓடினோம், நாய்க்குச் சமைத்தோம், நாயைக் குளிப்பாட்டினோம், நாயைவிடச் சுமாராகச் சாப்பிட்டோம்.

பொதுஜனத்துக்கு மோப்ப நாய் என்றால் ஒரே ரகம்தான். "மோப்ப நாய் சிறிது தூரம் ஓடி நின்றுவிட்டது, யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை" என்ற வரியைக் காலமெல்லாம் பேப்பரில் படித்தவர்கள் ஆயிற்றே. உண்மையில் திருடன் போன வழியை மோந்துகொண்டு ஓடுகிற நாய் வேறு, வெடிமருந்தைக் கண்டுபிடிக்கிற நாய் வேறு. வெடிமருந்து நாய் ஆளைத் தேடாது. குரைக்காது, கவ்வாது. மருந்து வாசனை எங்கே வருகிறதோ அந்த இடத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்துவிடும். அது உட்கார்ந்தால் நாங்கள் விலகிக்கொண்டு குண்டு எடுக்கிறவர்களைக் கூப்பிடுவோம். அதற்குக் கூலி ஒரு டென்னிஸ் பந்து. என் ரோஸி அந்த வேலைக்காரி. கறுப்பு லேப்ரடார். தின்பதில் சூரப்புலி, வேலையில் ராணி. அந்தப் பந்துக்காக உயிரை விடுவாள்.

எங்கள் இன்ஸ்பெக்டர் ராகவன் ஐயா ஒரு தினுசான மனிதர். கத்தவே மாட்டார். எங்களை "நீ, வா, போ" என்பார். நாய்களை மட்டும் "அவங்க" என்பார். "அவங்க சாப்பிட்டாங்களா? அவங்களுக்குக் காது கழுவினியா?" என்று கேட்கும்போது, ஏதோ கலெக்டர் அம்மாவைப் பற்றிப் பேசுகிறார் என்று புது ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள். நாங்கள் என்ன தகவல் சொன்னாலும் கண்ணாடியைக் கழற்றி கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே ஒன்று கேட்பார். "பார்த்ததா, நினைச்சதா?" அதற்குப் பதில் சொல்லும்போது பாதிச் செய்தி ஆவியாகிவிடும்.

ஒருமுறை எண்ணூர்ப் பக்கம் ஒரு கிடங்கில் சோதனை. மூலையில் ஒரு மரப்பெட்டி எனக்குச் சந்தேகமாகப் பட்டது. அதன் பக்கத்தில் போனதும் ரோஸி உட்கார்ந்துவிட்டாள். எல்லோரையும் வெளியேற்றி, குண்டு எடுக்கிறவர்களை வரவழைத்துத் திறந்தால், உள்ளே பழைய கம்பளி. நான் ரோஸியை முறைத்தேன். ஐயா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அவங்க மேல என்ன கோபம்? பெட்டிகிட்ட வந்ததும் நீ நடையைக் குறைச்ச. கயிறு இறுகிச்சு. மூச்சை வேற பிடிச்சுக்கிட்ட. நான் பார்த்துட்டுத்தான் இருந்தேன். அவங்க மூக்கால பாதி வேலை பார்ப்பாங்க, உன் கையைப் படிச்சுப் பாதி வேலை பார்ப்பாங்க. நீ நினைச்சே, அவங்க உட்கார்ந்தாங்க."

என் தொழிலில் நான் கற்றுக்கொண்ட பெரிய பாடம் அதுதான். அதற்கப்புறம் எந்தப் பெட்டியிடம் போனாலும் கயிற்றைத் தளர விட்டு, வேறு எதையாவது யோசித்துக்கொண்டு நடப்பேன். பெரும்பாலும் மதியச் சாப்பாட்டை.

இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். நாள் முழுக்கத் தேடியும் ஒன்றும் கிடைக்காவிட்டால் நாய்க்கு மனசு விட்டுப்போகும். அடுத்த நாள் வேண்டாவெறுப்பாகத்தான் மோந்து பார்க்கும். அதனால் வேலை முடிகிற நேரத்தில், ஓட்டை போட்ட சின்ன டப்பா ஒன்றை நாங்களே எங்கேயாவது ஒளித்து வைப்போம். உள்ளே வெடிமருந்து வாசனை ஏறிய பஞ்சு இருக்கும். அதைத்தான் மாதிரி என்போம். நாய் அதைக் கண்டுபிடிக்கும், உட்காரும், பந்து கிடைக்கும். ஜெயித்த சந்தோஷத்தோடு வண்டி ஏறும். அந்தக் காலத்தில் எல்லோரும் செய்ததுதான்.

அப்போதுதான் திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு மைதானத்தில் கால்பந்து இறுதி ஆட்டத்தில் குண்டு வெடித்தது. கடலோரப் பக்கம் கோல்கம்பத்துக்குப் பின்னால், ஜனங்கள் உட்காரப் போட்டிருந்த மரப்பலகைகளுக்கு அடியில். தம்பி ஆடுகிறான் என்று பார்க்க வந்த ஒரு பையன் செத்துப்போனான். நிறையப் பேருக்குக் காயம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மைதானம் காலியாக இருந்தது. யாரோ விட்டுவிட்டு ஓடிய கடலை வண்டியில் அடுப்பு அணையாமல் கடலை கருகிக்கொண்டிருந்தது. அந்தப் புகையில் ரோஸி தும்மித் தும்மித் தவித்தாள். நான் முதலில் செய்த வேலை அந்த அடுப்பை அணைத்ததுதான்.

வெடிக்காத குண்டு வேறு எங்காவது இருக்கிறதா என்று பார்ப்பதுதான் எங்கள் பொறுப்பு. அன்று இருட்டும்வரை மைதானம். மறுநாள் காலையிலிருந்து சுற்றியுள்ள தெருக்கள், சந்துகள், குப்பைத் தொட்டிகள். எங்கேயும் ஒன்றும் இல்லை. வெயில் ஏறிவிட்டது. தார் ரோடு கொதித்தது. ரோஸி நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்த பார்வையில் "போதும்டா சாமி" என்று எழுதியிருந்தது. நான் ராகவன் ஐயாவைப் பார்த்தேன். அவரும் அவளைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

மைதானத்துக்குப் பின்னால் ஒரு சந்து. ஆள் நடமாட்டம் இல்லை. சுவரோரமாகத் தார்ப்பாய் போட்டு மூடிய தள்ளுவண்டி ஒன்று நின்றது. டப்பாவை அதன் பின்சக்கரத்துக்கும் சுவருக்கும் நடுவில் செருகினேன். திரும்பி வந்து, ரோஸியை அந்தச் சந்துக்குள் நடத்தி "தேடு" என்றேன். அவள் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினாள். சக்கரத்துப் பக்கம் மூக்கை நீட்டினாள். சட்டென்று உட்கார்ந்தாள். எனக்கும் இரண்டு நாள் இறுக்கம் விட்டுப்போன மாதிரி இருந்தது. "சபாஷ்டி என் கண்ணு! புடிச்சிட்டியா!" என்று சத்தமாகவே கத்திப் பந்தைத் தூக்கிப் போட்டேன். பிறகு டப்பாவை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினோம்.

எதிர்மாடியில் ஒருத்தன் செல்போனோடு நின்றதை நான் பார்க்கவில்லை. அவன் படம் பிடிக்க ஆரம்பித்தது ரோஸி வண்டியைச் சுற்றும்போது. நிறுத்தியது பந்தைத் தூக்கிப் போட்டபோது. நான் டப்பாவை வைத்ததும் அதில் இல்லை, எடுத்ததும் இல்லை.

சாயங்காலத்துக்குள் அது ஊரெல்லாம் சுற்றிவிட்டது. "குற்றவாளியைக் காட்டிக்கொடுத்த போலீஸ் நாய்! உண்மையான தமிழனாக இருந்தால் பகிரவும்" என்று மேலே எழுதியிருந்தது. என் வீட்டு வாட்ஸ்அப் குழுவிலும் வந்தது. என் மச்சான், அதாவது என் மனைவி ஸ்டெல்லாவின் தம்பி ஜெயராஜ், அதற்குக் கீழே கைதட்டல் பொம்மையாகப் போட்டுத் தள்ளியிருந்தான்.

அந்த வண்டிக்குச் சொந்தக்காரன் பெயர் காளிமுத்து. அத்தோ விற்பவன். மஞ்சள் நூடுல்ஸில் வெங்காயம், புளித்தண்ணி, பூண்டு எண்ணெய் எல்லாம் போட்டுக் கையால் பிசைந்து கொடுக்கிற பர்மாத் தீனி. அவன் தாத்தா காலத்தில் பர்மாவிலிருந்து கப்பலில் வந்த குடும்பம். அவன் பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கேதான். மைதானத்துப் பையன்கள் அவனைச் செல்லமாக "பர்மா" என்று கூப்பிடுவார்களாம். "பர்மா, ஒரு பிளேட்டு போடு!" இத்தனை வருஷம் தீனியின் பெயராக இருந்த அந்தச் சொல், வீடியோ வந்த அன்றே குற்றப்பத்திரிகை ஆகிவிட்டது.

இரண்டு நாள் கழித்து கும்மிடிப்பூண்டி ரயிலில் சாதா உடையில் போய்க்கொண்டிருந்தேன். எதிர் சீட்டில் நான்கைந்து பேர் வழக்கை நடத்தி முடித்துத் தீர்ப்பையும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"பர்மாக்காரனாம் மாமு. அங்க இருந்து கத்துகினு வந்துக்கீறான்."

"யோவ், அவன் தாத்தன் தான்யா பர்மா. இவன் இங்கத்திய ஆளு."

"அப்ப தாத்தன் சொல்லிக் குடுத்துருப்பான்."

"சட்டையெல்லாம் ரத்தமாம்பா."

"அடிபட்ட பையன ஆஸ்பத்திரிக்குத் தூக்கிகினு ஓடுனதே அவன் தானாம். அதான் ரத்தம்."

"இன்னாத்துக்குத் தூக்கிகினு ஓடுனான்? ஊர்ல வேற ஆளே இல்ல? சாட்சிய மறைக்கத் தான்!"

"அந்த நாய் எதையும் கண்டுபிடிக்கலைங்க. அது சும்மா பயிற்சி" என்றேன்.

ஒருத்தன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "நீ பாத்தியா பெர்சு?"

"பார்த்தேன்."

"நாங்களும் தான் பாத்தோம். வீடியோ கீதே. மனுசன் பொய் சொல்லுவான். நாய் பொய் சொல்லுமா?"

எல்லோரும் தலையாட்டினார்கள். நான்தான் அந்த நாயின் கயிற்றைப் பிடித்திருந்தவன் என்று சொல்ல நாக்கின் நுனிவரை வந்தது. வரவில்லை. திருவொற்றியூர் வருவதற்கு முன்பே எழுந்து போய்க் கதவோரம் நின்றுகொண்டேன்.

காளிமுத்துவை விசாரணைக்கு அழைத்துப்போய், அவனிடம் ஒன்றுமில்லை என்று தெரிந்து திருப்பி அனுப்பியும்விட்டார்கள். ஊர் விடவில்லை. விட்டுவிட்டார்கள் என்றால் துட்டு கைமாறியிருக்கிறது என்றார்கள். யாரோ பெரிய ஆள் பின்னால் இருக்கிறான் என்றார்கள். நான் ராகவன் ஐயாவிடம் போய் நின்றேன். "ஐயா, நான் போய் டிவியில் சொல்லிடறேன். மாதிரியை நான்தான் வச்சேன்னு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

"சேவியர், நீ சொல்றதை முழுசா எவன் போடுவான்? 'நான்தான் வச்சேன்'ங்கிறதை மட்டும் வெட்டி எடுத்துப் போடுவான். போலீஸே குண்டு வச்சுட்டு, போலீஸே நாயைக் கூட்டிட்டு வந்துச்சுன்னு நாளைக்கு ஊர் எரியும். செத்த பையன் வீட்டுக்கு நீ போய்ப் பதில் சொல்றியா? அந்த வீடியோவுக்கும் கேஸுக்கும் சம்பந்தமில்லைன்னு ஒரு அறிக்கை குடுக்கச் சொல்றேன். அவ்வளவுதான் முடியும்."

அவர் சொன்னதில் எங்கே ஓட்டை என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல். அறிக்கை வந்தது. "மூடி மறைக்கறானுங்க" என்று அதையும் பகிர்ந்தார்கள்.

இதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. ஜெயராஜ் சும்மா இருப்பானா? எங்கள் கோயில் சமூகக் கூடத்தில் எனக்குப் பாராட்டு விழா ஏற்பாடு செய்துவிட்டான். "வேணாம்டா, அசிங்கமா போயிடும்" என்றேன். "இன்னா மாமா நீ, வெக்கப்பட்டுகினு! நம்ம ஏரியாவுக்கே பெருமை!" என்றுவிட்டான். ஸ்டெல்லா என் பேண்ட்டை இஸ்திரி போட்டு வைத்துவிட்டாள். எனக்குச் சால்வை. "ரோஸி அக்கா எங்க?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். நாயை அப்படியெல்லாம் வெளியே கொண்டுவர முடியாது என்பதால் அவளுடைய போட்டோவுக்கு மாலை போட்டார்கள். மாதாவே, உயிரோடு இருக்கிற நாய்க்கு! மைக்கைக் கொடுத்தார்கள். தைரியத்தை வரவழைத்துக்கொண்டு சொன்னேன். "அது பயிற்சிங்க. நாய் யாரையும் பிடிக்கலை. அந்த ஆள் நிரபராதி."

கூடமே கைதட்டியது. "கேஸு ரகசியம்பா! வாயத் தொறக்க மாட்டாரு! அதான் போலீஸ்காரன்!" என்று பின்வரிசையிலிருந்து சத்தம் வந்தது. ஜெயராஜ் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

நான் சால்வையோடு வீட்டுக்கு வந்தேன். உண்மையைச் சொல்லிவிட்டேன், அவர்கள் நம்பாததற்கு நான் என்ன செய்வது என்று வழியெல்லாம் எனக்கு நானே வக்கீலாக வாதாடிக்கொண்டு வந்தேன். ஆனால் அந்தக் கைதட்டலில் கொஞ்ச நேரம், கொஞ்ச நேரம்தான், எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை. சால்வையைக் கழற்றி அங்கேயே வைத்துவிட்டு வந்திருக்க வேண்டும். செய்யவில்லை.

அடுத்த வாரம் கொட்டடி வாசலில் ஒரு ஆணும் பெண்ணும் என்னைக் கேட்டு வந்து நின்றார்கள். காளிமுத்துவும் அவன் மனைவி வள்ளியும். அதுவரை நான் அவனை நேரில் பார்த்ததில்லை. சண்டைக்கு வந்திருக்கிறான் என்று நினைத்தேன். வந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. நடந்ததை எல்லாம், டப்பா வைத்தது முதல், அவனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான்.

"விசாரணை பண்ண சாருங்களும் அதத்தான் சொன்னாங்கோ. நான் உங்கள ஒண்ணும் கேக்க வரல சார். ஒரே ஒரு ஒத்தாசை. அந்த நாய ஒரு தபா இட்டாந்து என் வண்டியாண்ட நிக்க வையி சார். அது சும்மா நின்னுட்டுப் போனா போதும். ஜனம் பாக்கணும்."

"நாய் எதுக்கு முத்து? நான் வந்து எல்லார்கிட்டயும் சொல்றேனே."

"நீங்க சொன்னா எவன் சார் கேப்பான்? நாய் பொய் சொல்லாதுன்றானுங்கோ. அப்ப அந்த நாயே வந்து சொல்லட்டும்."

வள்ளி முன்னால் வந்தாள். "எங்க பொண்ண ஸ்கூல்ல 'பாம்'னு தான் சார் கூப்புட்றாங்க. வூட்டுக்காரம்மா வேற எடம் பாத்துக்கோன்னுட்டாங்க. ஒரு பிளேட்டு அத்தோ ஓடல சார். பொரிச்சது எல்லாத்தையும் கொட்டிகினு கீறோம்."

எங்கள் பேச்சைக் கேட்டபடி கூண்டுக்குள் ரோஸி வாலை ஆட்டிக்கொண்டிருந்தாள். காளிமுத்து கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று அவளைப் பார்த்தான். "நல்லா கீது சார், சாதுவா" என்றான்.

ராகவன் ஐயா ஒப்புக்கொள்ளவில்லை. அழைப்பு இல்லாமல் நாய் வெளியே போகக் கூடாது, போனால் அதையும் எவனாவது படம் பிடிப்பான் என்றார். விதி அப்படித்தான். நான் மட்டும் ஒருநாள் போய் அவன் வண்டியில் நின்று அத்தோ சாப்பிட்டேன். தெருவே பார்த்தது. "போலீஸ் இன்னும் அவன வாட்ச் பண்ணுது பாரு" என்று பேசிக்கொண்டார்களாம்.

சில மாதம் கழித்து உண்மையான ஆட்கள் பிடிபட்டார்கள். வேறு ஊரில் நடந்த ஒரு பழைய தகராறு. அதற்காகச் செய்த நாட்டு வெடிகுண்டுகளைப் பையில் போட்டு, ஆட்டம் முடிந்ததும் எடுத்துப்போகலாம் என்று கூட்டத்தோடு உட்கார்ந்து பலகைக்கு அடியில் தள்ளி வைத்திருக்கிறான்கள். யாருடைய கால் பட்டதோ, வெடித்துவிட்டது. பேப்பரில் உள்பக்கத்தில் சின்னதாக வந்தது. அதை எவனும் பகிரவில்லை. ஜெயராஜிடம் காட்டினேன். "கேஸ முடிக்க எவனையாச்சும் காட்டுவாங்க மாமா, எங்களுக்குத் தெரியாதா?" என்றான்.

அட போங்கய்யா என்று ஆகிவிட்டது எனக்கு.

ராகவன் ஐயா ஓய்வு பெற்றபோது, கடைசி நாள் என்னைக் கூப்பிட்டு, "சம்பவ இடத்துல மாதிரி வைக்கக் கூடாதுன்னு விதி எழுதி வச்சிட்டுப் போறேன். இனிமே யாருக்கும் இப்படி ஆகாது" என்றார். இனிமேல் ஆகாதுதான். ஆனவனுக்கு? அதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கைகொடுத்தோம்.

அப்புறம் நானும் ஓய்வு பெற்றேன். அதே சமயத்தில் ரோஸிக்கும் வயதாகிவிட்டது என்று வேலையிலிருந்து விடுவித்தார்கள். வளர்க்க விருப்பமா என்று கேட்டார்கள். வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன். மாடி வீட்டில் ஸ்டெல்லாவின் காலடியில் நாளெல்லாம் படுத்துக் கிடப்பாள். இப்போது அவள் துறைக்குச் சொந்தமில்லை. அழைப்பு வேண்டாம், அனுமதி வேண்டாம். எனக்குச் சட்டென்று காளிமுத்துவின் ஞாபகம் வந்தது.

தேடிப் பிடித்தேன். திருவொற்றியூரைக் காலி செய்துவிட்டு, கொஞ்ச நாள் மூட்டை தூக்கி, இப்போது எர்ணாவூரில் மறுகுடியமர்வு வீடுகள் பக்கம் வாடகைக்கு இருந்தான். அதே வண்டியில் மறுபடி அத்தோ போட ஆரம்பித்திருந்தான். அங்கேயும் அந்த வீடியோ அவனுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. நான் விஷயத்தைச் சொன்னதும் அவன் முகம் மலர்ந்தது இருக்கிறதே, அதை நான் மறக்க மாட்டேன். "நெசமா சார்? நெசமா இட்டாரியா?" என்று நான்கைந்து தடவை கேட்டான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். வண்டியைக் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்திருந்தான். வள்ளி நல்ல புடவை கட்டியிருந்தாள். அவர்கள் மகள் தட்டுகளை அடுக்கிக்கொண்டு, தலையைத் தூக்காமல் ஓரத்தில் நின்றாள். காளிமுத்து அந்தத் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தான். "அதே நாய் வருது. வந்து பாருங்கோ. அப்பால பேசுங்கோ." நல்ல கூட்டம். பால்கனிகளில்கூட ஆட்கள்.

நான் எல்லாம் யோசித்துத்தான் வந்திருந்தேன். வேலைக்குக் கட்டுகிற பட்டையைக் கட்டவில்லை, வீட்டுக் கழுத்துப்பட்டைதான். பந்து கொண்டுவரவில்லை. "தேடு" என்ற சொல்லை வாயிலிருந்து விடக் கூடாது என்று தீர்மானம். சும்மா நடந்துபோய், வண்டியைத் தாண்டி, பக்கத்துப் பெட்டிக்கடையில் நின்றால் முடிந்தது.

நடந்தோம். ரோஸி ஜாலியாக வந்தாள். கூட்டம் வழிவிட்டது. பேச்சு நின்றது. பூண்டு எண்ணெய் வாசனை வந்தது. வண்டி நெருங்கியது. அதே சக்கரம், சுவர் மட்டும்தான் இல்லை. காளிமுத்து என்னைப் பார்க்கவில்லை, நாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். கைகள் இரண்டும் வண்டியின் விளிம்பைப் பிடித்திருந்தன.

அப்போது எனக்குள் ஒன்று ஓடியது. உட்கார்ந்துவிடுவாளோ?

அவ்வளவுதான். என் நடை குறைந்ததா, கயிறு இறுகியதா, மூச்சைப் பிடித்தேனா, எனக்கே தெரியாது. எல்லாமும்தான் நடந்திருக்கும். ரோஸி நின்றாள். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். வேலையே இல்லாமல் மாசக்கணக்கில் படுத்துக் கிடந்தவளுக்கு, நான் மறுபடி வேலை கொடுக்கிறேன் என்று எவ்வளவு சந்தோஷமோ. வாலை ஒரு தரம் ஆட்டிவிட்டு, வண்டியின் பின்சக்கரத்துப் பக்கமாக, பயிற்சியில் சொல்லிக்கொடுத்த அதே ஒழுங்கோடு, உட்கார்ந்தாள்.

பிறகு மேலே எங்கிருந்தோ ஒரு குரல். "அப்பவே சொன்னன்ல!" ஏழெட்டு செல்போன்கள் மேலே போயின.

நான் கத்தினேன். "இது பழக்கம்! வெறும் பழக்கம்! வண்டியில ஒண்ணும் இல்லை! அவளுக்கு வயசாயிடுச்சு!" எவன் கேட்டான்? ஒரு அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். காளிமுத்துவின் மகள் தட்டுகளைக் கீழே வைத்துவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். வள்ளி அவள் பின்னாலேயே ஓடினாள். நான் ரோஸியை இழுத்தேன். அவள் அசையவில்லை. பந்து வராமல் எழுந்திருக்கக் கூடாது என்று நான்தானே பழக்கியிருந்தேன்.

காளிமுத்து அடுப்பை அணைத்தான். வண்டியைச் சுற்றி வந்து ரோஸியின் முன்னால் குந்தினான். அத்தோவில் நொறுக்கிப் போடுவதற்குப் பொரித்து வைத்திருந்த துண்டு ஒன்றை அவளிடம் நீட்டினான். அவள் தின்றாள். அவன் அவள் தலையைத் தடவினான். நான் அவனுக்குப் பக்கத்தில் குனிந்து, அழாத குறையாக உளறினேன். "அவ மேல தப்பு இல்லை முத்து. எல்லாம் என் கை. கயித்தைப் பிடிச்சவன் என்ன நினைக்கிறானோ அதை நாய் படிச்சிடும். கிட்ட வந்ததும் எனக்குப் பயம் வந்துடுச்சு. அந்தப் பயத்தைப் படிச்சிட்டா."

அவன் நிமிர்ந்து பார்த்தான். கோபம் இல்லை. புரியாமல் கேட்கிறவனின் முகம்.

"பயந்தீங்களா? நீங்க இன்னாத்துக்கு சார் பயந்தீங்கோ? என் வண்டியில ஒண்ணும் இல்லன்னு உங்களுக்குத் தான சார் தெரியும்?"

ரோஸி இன்னும் உட்கார்ந்தபடி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளைத் தூக்கிக்கொண்டுதான் அந்தத் தெருவை விட்டு வர வேண்டியிருந்தது. அந்த வாரமே காளிமுத்து வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன். எங்கே போனான் என்று அக்கம்பக்கத்தில் விசாரிக்கலாம். அதற்கு எனக்கு முகம் இல்லை.